மாதா கோயிலுக்குத் துணி வெளுத்தது

இருபத்திரண்டு வருடம் எங்கள் மாதா கோயிலில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசித்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசக மேடையில் என் தலை தெரியவில்லை என்றால், டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்க இரண்டு பேராவது வீடு தேடி வந்துவிடுவார்கள். ஏரியூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் தமிழ் நடத்திய குரல் இது. கரண்ட் போய் மைக் படுத்துவிட்ட நாளிலும் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்கும். இதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று நான் காத்திருந்ததில்லை, நானே சொல்லிவிடுவேன்.

போன வருடம் புதிதாக ஒரு பங்குச் சாமியார் வந்தார். சின்ன வயது. வந்த மாதமே கூட்டம் போட்டு, இனிமேல் ஒவ்வொரு தெருக் குழுவிலிருந்தும் முறை வைத்து இளைஞர்கள் வாசகம் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சருக்கு வேற ஒரு முக்கியமான வேலை வச்சிருக்கேங்க."

மறைக்கல்விக்குத் தலைமை ஆசிரியையாகப் போடப்போகிறார் என்று நினைத்தேன். இல்லையென்றால் பங்குப் பேரவைச் செயலாளர். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத் துணி அலமாரியின் சாவியையும் ஒரு துணிப்பையையும் என் கையில் கொடுத்தார். பைக்குள் அந்த வாரம் பீடத்தில் போட்ட அழுக்குத் துணிகள் இருந்தன. பீடத்து விரிப்பு, சாமியார் கை துடைக்கிற துண்டு, திராட்சை இரசக் கிண்ணம் துடைக்கிற சின்னத் துண்டுகள். வாரா வாரம் துவைத்துத் தேய்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

என் கோபத்தின் அடியில் என்ன இருந்தது என்பதை மறைத்து எழுதினால் இதை எழுதவே வேண்டியதில்லை. எங்களுடையது நிலம் வைத்து உழுத குடும்பம். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும், கூடவே சுமந்து வந்த சிலதை நாங்கள் இன்னும் கீழே இறக்கி வைக்கவில்லை. துணி வெளுக்க ஊரில் வேறு குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்து அம்மாள்தான் அதுவரை கோயில் துணியும் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலி வந்து முடியாமல் போனதால் நிறுத்திவிட்டார். அவரும் எங்களோடு ஒரே பீடத்தில் நன்மை அப்பம் வாங்குகிறவர்தான். ஆனால் கோயிலில் அவர் உட்காருவது கடைசியில், சுவரோரம். என்னைவிட எட்டு வயது மூத்தவர், நான் அவரை "ஏம்மா" என்று கூப்பிடுவேன், அவர் என்னை "டீச்சருங்களே" என்பார். இதில் தப்பு ஏதும் இருப்பதாக எனக்கு அறுபது வயதுவரை தோன்றியதே இல்லை.

"நம்ம வூட்டுப் பொம்பளைங்க எவளாவது ஊர்த் துணி தொவைச்சிருக்காளா?" என்று என் நாத்தனார் போனில் கத்தினாள். "சாவியத் திருப்பிக் குடுத்துட்டு தருமபுரிக்கே பூசைக்குப் போயிருங்க அண்ணி."

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் சும்மா கொடுத்துவிட்டுப் போனால் டீச்சருக்குத் துவைக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. ஒரு வாரம் அசத்திக் காட்டிவிட்டு, அப்புறம் முகத்தில் அடித்தமாதிரி சாவியைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விளைகிற பூமி. சவ்வரிசிக்குப் பஞ்சமே இல்லை. என் காட்டன் சேலைகளுக்குச் சவ்வரிசிக் கஞ்சிதான் போடுவேன், மாலைவரை மடிப்புக் கலையாது. அந்தச் சனிக்கிழமை ஒரு குண்டான் நிறையக் கஞ்சி காய்ச்சினேன். பீடத்து விரிப்பு, கைத்துண்டு, கிண்ணம் துடைக்கிற துண்டு, எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் முக்கிக் காயவைத்து, பெட்டி போட்டு, அடுக்கிக் கொடுத்தேன்.

ஞாயிறு பூசையில் நன்மை கொடுத்து முடித்து, சாமியார் இரசக் கிண்ணத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தார். அது மடங்கவில்லை. அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. கிண்ணத்துக்குள் நுழைக்கப் பார்த்தார், வாயிலேயே நின்றுகொண்டது. இரண்டு கையாலும் பிடித்து மடக்கினார். மடக் என்று ஒரு சத்தம். மைக் போட்டிருந்தது. பாட்டுக் குழுவில் ஒரு பெண் களுக்கென்று சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. நான் மூன்றாவது வரிசையில் பாதம்வரை வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்ததும் நேரே சாமியார் வீட்டுக்குப் போனேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க ஃபாதர் சாவி. எனக்கு இந்த வேலை ஒத்து வராது."

"மேசை மேல வச்சிட்டுப் போங்க டீச்சர். பரவால்லைங்க. இனிமே நானே தொவைச்சிக்கறேன்."

குத்தலாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். ஆனால் வாசலில் கொடியில் அவர் கையால் துவைத்த சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் அவை வெள்ளையாக இருந்திருக்கலாம். பீடமும் இந்த நிறத்துக்கு வந்துவிடுமே! வைத்த சாவியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "ஒண்ணும் வேணாம், நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அடுத்த இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், முன்பு கோயில் துணி துவைத்த அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒரே ஊரில் இத்தனை வருடம் இருந்தும் அந்த வாசலில் அதுதான் முதல் தடவை. அவர் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் அப்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னத் துண்டுகளுக்குக் கஞ்சியே காட்டக்கூடாது, பெரிய விரிப்புக்கு மட்டும்தான் என்றார்.

"அப்பறம் இன்னொண்ணுங்க டீச்சரு. கிண்ணம் தொடைச்ச துணிய மொத தண்ணில அலசறோமில்ல, அந்தத் தண்ணிய சாக்கடைல ஊத்திடாதீங்க. ஆண்டவரு ரத்தம் பட்டிருக்குது. கால் படாத எடமாப் பாத்து மண்ணுல ஊத்தணும். செடியடி இருந்தா நல்லது."

மறைக்கல்வி வகுப்பில் நற்கருணையைப் பற்றி நான் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் நடத்தியிருப்பேன். இது எனக்குத் தெரியாது. நாங்கள் வாயால் சொன்னதை இவர் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவர் காப்பி போட எழுந்தார். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவருக்கு அது பொய் என்று தெரிந்தது, அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து துவைத்தேன். முதல் தண்ணீரைச் சுவரோரம் இருந்த மாதுளைச் செடிக்கு ஊற்றினேன். முதல் சில வாரம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு துவைத்தேன். நான்கைந்து மாதம் போயிருக்கும், ஒரு நாள் துண்டை அலசிக்கொண்டே சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தேன். கேட்க ஒரு காக்கை கூட இல்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் வாய் திறக்கிற வழக்கமே இல்லாதவள் நான். எனக்கே வேடிக்கையாக இருந்தது. திராட்சை இரசக் கறை மெல்ல மெல்லத் தண்ணீரில் பிரிந்து போவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து விட்டபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை.

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாசக ஆசை உள்ளுக்குள் அப்படியேதான் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வாசித்தாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஓடுவாள், 'ழ'வை முழுங்குவாள். அவள் வாசிக்க வாசிக்க நான் உட்கார்ந்த இடத்தில் முனகித் திருத்திக்கொண்டிருப்பேன்.

இந்த வருடத் திருவிழாவுக்கு ஆயர் வருவது முடிவானதும் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "திருவிழாப் பூசைக்கு மொத வாசகம் நீங்கதாங்க டீச்சர்."

எனக்குக் கால் தரையில் படவில்லை. சுற்றுப்பட்டுக் கிளை ஊர்களெல்லாம் கூடுகிற நாள். ஆயர் முன்னால், அத்தனை பேர் முன்னால், மறுபடியும் நான். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்தேன். வாசகத்தைப் பார்க்காமலே சொல்லும் அளவுக்குப் படித்தேன். பாத்திரம் விளக்கும்போது, பென்னாகரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, வாய் அதையே முணுமுணுத்தது. வீட்டுக்காரர், "ஆயருக்கே மனப்பாடம் ஆயிரும் போலருக்குதே" என்றார்.

திருவிழாவுக்கென்று பீடத்துக்குப் புது விரிப்பும் தைத்திருந்தேன். நீளமான வெள்ளைத் துணி, ஓரம் முழுக்க என் கையால் தைத்த லேஸ். பழைய விரிப்பு மஞ்சள் ஏறிவிட்டது என்று அதைக் கிழித்துச் சன்னல் துடைக்கப் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அதுவும் என் திமிர்தான்.

திருவிழாவுக்கு முதல் நாள் இரவு நல்ல மழை. விடிந்தபோது வானம் கழுவித் துடைத்தமாதிரி இருந்தது. ஆறு மணிக்கே போய், புது விரிப்பைக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து, கோயிலுக்குப் பின்னால் கொடியில் விரித்துப் போட்டேன். பத்து மணிப் பூசைக்கு முன் காய்ந்துவிடும், பெட்டி போட்டு விரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வரலாம் என்று கணக்கு. விருந்துக்குச் சமைக்கிற பந்தலில் ஒரு காப்பி குடிக்கப் போனேன்.

எங்கள் பங்கில் திருவிழாவுக்கு ஆடு நேர்ந்து விடுவார்கள். பிள்ளை பிறந்தால், மாடு பிழைத்தால், மாதாவுக்கு ஒரு கிடா. முதல் நாளே கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். அதில் இரண்டு கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு சுற்றியிருக்கின்றன. சவ்வரிசிக் கஞ்சி வாசம் வேறு அடித்திருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது கொடி அறுந்து கிடந்தது. விரிப்பு செம்மண் சேற்றில் கிடந்தது. ஒரு கிடா அதன் நடுவில் நின்றுகொண்டு, என் லேஸை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. இன்னொன்று மறுமுனையைச் சப்பிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்த விறகுக் கட்டையை ஓங்கிவிட்டேன். பந்தலிலிருந்து ஒரு பெண் அலறினாள்.

"டீச்சர், அடிச்சிறாதீங்க, அது மாதாவுக்கு நேர்ந்த கெடா!"

ஓங்கிய கையை இறக்கவேண்டியதாயிற்று. மாதாவின் ஆடு மாதாவின் துணியைத் தின்றால் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது? கட்டையைப் போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாமியார் ஓடி வந்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "வுடுங்க டீச்சர். எங்கிட்ட புதுசா ஒரு வெள்ள பெட்ஷீட் இருக்குது, அத விரிச்சிக்கலாம். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு. நீங்க வூட்டுக்குப் போயி ரெடியாவுங்க. வாசகம் இருக்குதில்ல."

அவர் சொன்னது சரிதான். பெட்ஷீட் விரித்தால் பூசை செல்லாமல் போய்விடாது. ஆனால் அந்தப் பீடத்துக்கு நான் பெட்ஷீட் விரிப்பதா? துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். சோப்பைப் போட்டுத் தேய்க்கப் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தேய்க்காதீங்க டீச்சரு! தேய்ச்சா சேறு உள்ளார பூந்துக்கும்."

அந்த அம்மாள்தான். வாதத் தைலம் மணக்க, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தண்ணிய மேல இருந்து ஊத்திக்கினே இருங்க. அதுவா எறங்கும்."

ஊற்றினேன். பத்து வாளி, இருபது வாளி. செம்மண் ஓடி ஓடி, சிவப்பு காவியாகி, காவி கலங்கலாகி, கடைசியில் தண்ணீர் தெளிந்தது. அதற்கு மேல்தான் சோப்புக் காட்டவிட்டார். அலசி முடித்தபோது மணி எட்டு. காய்வதற்கு வழி? கொடியில் போட்டால் பத்து மணிக்குள் ஆகாது.

"கரட்டுக்குப் போலாங்க" என்றார்.

கோயிலுக்குப் பின்னால் வெறும் பாறை பெரிதாக விரிந்து கிடக்கிறது, நாங்கள் கரடு என்போம். வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பிழிந்தோம். அவர் முழங்காலைப் பற்றிக் கேட்டேன். "அது கெடக்குது" என்றார். பாறைமேல் விரித்தோம். ஒரு பக்கம் சூடேற மறுபக்கம் புரட்டி, ஈரம் உள்ள இடத்தைக் காய்ந்த இடத்துக்கு நகர்த்தி, நாய் நரி மிதிக்காமல் காவல் காத்து, இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தியால் முடியாது, அதுவும் அந்தக் கால்களால் முடியவே முடியாது.

எட்டே முக்காலுக்குக் கல்லூரிப் பெண் ஓடி வந்தாள். "டீச்சர், ஃபாதர் உங்கள கையோட வூட்டுக்கு அனுப்பச் சொன்னாரு. ஆயர் கெளம்பிட்டாராம்."

வீடு போய், குளித்து, சேலை கட்டி வர ஒரு மணி நேரம். இப்போது போனால் வாசகம். போகாவிட்டால் துணி. இரண்டும் கிடையாது.

அந்த நேரத்தில் என் மனதில் பெரிய போராட்டம் நடந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடக்கவில்லை. பாறைமேல் கிடந்த துணியைப் பார்த்தேன். எனக்கு அதை விட்டுப் போக மனமே வரவில்லை. அவ்வளவுதான். ஒரு வருடமாக ஏங்கிய வாசகம் கையை விட்டுப் போகிறது, எனக்கோ கல்யாண வீட்டு வேலையில் நிற்பவளைப் போல உற்சாகம் பொங்குகிறது.

"நீயே வாசிம்மா" என்றேன்.

"நானா? ஆயர் முன்னாடியா?" என்றாள் அவள்.

"ஓடாத. புள்ளி வந்தா நின்னு மூச்சு வுடு. போ."

அவள் போனதும் அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "என்னாங்க டீச்சரு இப்படிப் பண்ணிட்டீங்க."

"அந்த முனையப் புடிங்க அக்கா, காத்து அடிக்குது" என்றேன். அக்கா என்று என் வாயில் தானாக வந்தது. அவர் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு முனையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டுத் தயங்கிக்கொண்டே என் பக்கம் நீட்டினார். வாங்கி மடமடவென்று குடித்தேன். வெயிலுக்கு அது தேவையாகவும் இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு ஊர் எல்லையில் பேண்டு வாத்தியம் கேட்டது. ஆயரை வரவேற்றுப் பவனியாகக் கூட்டி வருகிறார்கள். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார் அக்கா. "எடுங்க!" சுருட்டாமல் கொள்ளாமல், அகலமாக இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினோம். அறுபத்தொன்றும் அறுபத்தொன்பதுமான இரண்டு கிழவிகள், ஒருத்திக்கு முழங்கால் இல்லை, ஒருத்தி சேறு தெறித்துத் தலையிலிருந்து முட்டிவரை செம்மண். ஓடினோம் என்றுதான் சொல்லவேண்டும். பெட்டி போட நேரமில்லை. பீடத்தில் விரித்துக் கையாலேயே நீவிவிட்டோம். ஆடு தின்ற பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பினோம். மெழுகுத்திரிகளை வைத்து முடிக்கவும், வாத்தியம் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பக்கத்து அறைக்குள் புகுந்து கதவிடுக்கில் நின்றுகொண்டோம்.

ஆயர் பீடத்தின் முன் குனிந்து வணங்கினார். படியேறி, இரண்டு கைகளையும் விரிப்பின்மேல் வைத்து, பீடத்தை உதடு பதித்து முத்தி செய்தார். செய்தவர் உடனே நிமிரவில்லை. உள்ளங்கையால் துணியை ஒருமுறை தடவிப் பார்த்தார். கரட்டு வெயில் அதில் இன்னும் இருந்தது.

அந்தப் பெண் வாசித்தாள். ஓடவில்லை. ஓர் இடத்தில் 'ழ'வை முழுங்கினாள். நான் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாசகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கும் சொல்லப்பட்டது என்று காதில் ஏறியது. அழுதேன், நன்றாகவே அழுதேன்.

பூசை முடிந்து ஆயர் உடுப்பு மாற்ற அந்த அறைக்கு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒளிய இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றோம்.

"பீடத் துணி சூடா இருந்துச்சே," என்றார், "யாருங்க போட்டது?"

"டீச்சருதாங்க சாமி" என்றார் அக்கா சட்டென்று.

"இல்லைங்க சாமி, நாங்க ரெண்டு பேரும்" என்றேன். "நான் கூட மாட இருந்தேன். அக்காதான் வெளுத்தாங்க."

ஆயர் ஆளுக்கொரு கையாக எங்கள் தலைமேல் வைத்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். கையை எடுத்தபோது உள்ளங்கையெல்லாம் செம்மண். அதைப் பார்த்து முதலில் அவர் சிரித்தார். அப்புறம் அக்கா சிரித்தார். நான் சிரித்த சிரிப்பு வெளியே கூட்டம் வரைக்கும் கேட்டதாகச் சாமியார் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.